உரிமையும் சுமையும்: இங்கிலாந்தின் கழிவுநீர்ச் சாக்கடைகளும் குடியிருப்பு விரிவாக்கமும் – ஒரு வரலாற்று நோக்கு

1

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் நிலத்தின் மேலுள்ளவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரண்மனைகளும் தேவாலயங்களும் பாலங்களும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. நிலத்தின் கீழ் ஓடுபவை அருகியே இடம்பெறுகின்றன. இடம்பெறும்போதும் அவை பொறியியலாளர் ஒருவரின் மேதாவிலாசம் பற்றிய கதையாகவோ, மருத்துவ விஞ்ஞானத்தின் வெற்றி பற்றிய கதையாகவோ சொல்லப்படுவதே வழக்கம். இலண்டன் மாநகரின் கழிவுநீர்ச் சாக்கடைகள் பற்றிய எழுத்துக்கள் இதற்குத் தக்க உதாரணமாகும்.

இங்கிலாந்திலே புதிய வீடமைப்புத் திட்டமொன்று முன்வைக்கப்படும்போதெல்லாம், அப்பகுதியின் பழைய சாக்கடை இதனைத் தாங்காது என்ற முறைப்பாடு எழுவதுண்டு. மழை பெய்யும்போது தாழ்ந்த நிலத்து வீடுகளின் முற்றங்களில் மலநீர் மேலெழுகின்றது. ஆறுகளிற் கழிவுநீர் கலக்கின்றது. குழாயின் விட்டம் போதாமையே இதற்குக் காரணமெனப் பொறியியலாளர் கூறுவர். அது பொய்யன்று. ஆயின் விட்டம் ஏன் போதாமற் போயிற்று, போதாதென அறிந்த பின்னரும் வீடுகள் ஏன் அதனுடன் இணைக்கப்பட்டன, அகலப்படுத்தும் செலவு யாருடையது என்னும் வினாக்களுக்குப் பொறியியலில் விடையில்லை. நிலவுடைமை, சட்டம், அரசு ஆகியவற்றுக்கிடையிலான உறவுகளின் வரலாற்றிலேயே அவற்றுக்கு விடை தேடவேண்டும். அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1801ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பத்து இலட்சமாயிருந்த இலண்டனின் சனத்தொகை 1851இல் இருபத்துமூன்று இலட்சத்தைத் தாண்டியது. கிராமங்களில் நிலமிழந்தோரும் அயர்லாந்திலிருந்து வந்த வறியோரும் நகருக்குட் குவிந்தனர். அந்நகரின் சாக்கடைகளோ மழைநீரைக் கொண்டுசெல்வதற்கென அமைக்கப்பட்டவை. 1815ஆம் ஆண்டு வரை வீட்டு மலக்கழிவை அவற்றுட் செலுத்துதல் சட்டவிரோதமாகும். வீடுகளின் கீழிருந்த மலக்குழிகளிற் கழிவு தேங்கியது. அதனை இரவில் அள்ளிச் சென்று நகர்ப்புறத்து விவசாயிகளுக்கு எருவாக விற்கும் தொழிலாளர் கூட்டமொன்று இருந்தது. ஹென்றி மேஹியூ 1851இல் வெளியிட்ட இலண்டன் உழைப்பாளர் பற்றிய நூலில் இத்தொழிலாளரையும், சாக்கடைகளுள் இறங்கிப் பொருள் பொறுக்கிப் பிழைத்தோரையும் பற்றி விரிவாக எழுதினார்.

இம்முறைமை இரு காரணங்களாற் குலைந்தது. நகரம் விரிய விரிய வயல்கள் தொலைவிற் சென்றன. 1840களில் தென்னமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பறவையெச்ச உரம் மலிவாகக் கிடைத்தது. மனிதக் கழிவு சரக்கு என்ற தன்மையை இழந்தது. மறுபுறத்தில், 1775இல் அலெக்சாண்டர் கமிங்கும் 1778இல் ஜோசப் பிராமாவும் காப்புரிமை பெற்ற, நீர் பாய்ச்சும் மலசலகூடம் வசதி படைத்தோரின் வீடுகளிற் பரவத் தொடங்கியது. அது பாய்ச்சிய நீரால் மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. வழிந்தவை மழைநீர்ச் சாக்கடைகளுக்குட் சென்றன. வேறு தேவைக்கென அமைந்த ஒன்றின் மீது புதிய குடியிருப்பும் புதிய வாழ்க்கை முறையும் சுமையை ஏற்றிய முதற் சந்தர்ப்பம் இதுவே எனலாம்.

1842இல் வெளிவந்த எட்வின் சட்விக்கின் அறிக்கை, உழைக்கும் மக்களின் சுகாதாரக் கேட்டினை அரசின் கவனத்துக்குக் கொணர்ந்தது. மூன்றாண்டுகளின் பின் ஏங்கெல்ஸ், மான்செஸ்ரரின் ஏர்க் ஆற்றங்கரைக் குடியிருப்புக்களை விவரித்தார். இருவரும் கண்ட காட்சி ஒன்றே. சட்விக் அழுக்கை வறுமையின் காரணமாகக் கண்டார்; ஏங்கெல்சோ அழுக்கையும் வறுமையையும் ஒரே உற்பத்தி முறையின் விளைவுகளாகக் கண்டார். அரசு சட்விக்கின் வழியையே பின்பற்றியது. 1848ஆம் ஆண்டின் சட்டங்கள் புதிய வீடுகள் சாக்கடையுடன் இணைக்கப்படுதல் வேண்டுமென விதித்தன. தொடர்ந்து வந்த சில ஆண்டுகளில் இலண்டனின் மலக்குழிகளுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. அவற்றின் கழிவு முழுவதும் தேம்ஸ் நதியை அடைந்தது. அந்நதியிலிருந்தே நீர்க் கம்பனிகள் பல குடிநீரைப் பெற்றன. 1848–49இல் வாந்திபேதி இலண்டனில் ஏறத்தாழ 14,000 பேரையும், 1853–54இல் 10,000 பேருக்கு மேற்பட்டோரையும் காவுகொண்டது. இரண்டாவது கொள்ளைநோயின்போதே மருத்துவர் ஜோன் சினோ, புரோட் வீதி நீரிறைப்பியை ஆராய்ந்து நோய் நீர்வழிப் பரவுவதெனக் காட்டினார்.

இவ்வனுபவம் அக்கால ஆங்கில நாவலிலும் பதிந்துள்ளது. சாள்ஸ் டிக்கன்சின் 'பிளீக் ஹவுஸ்' (1852–53) நாவலிலே, வழக்கில் முடங்கிக் கைவிடப்பட்ட சேரியொன்றில் தோன்றும் நோய், வீதி பெருக்கும் ஏழைச் சிறுவன் வழியாக வசதியுள்ளோர் இல்லத்தை அடைகின்றது. வர்க்கங்கள் பிரிந்து வாழினும் நீரும் காற்றும் பிரிந்திருப்பதில்லை என்பதை டிக்கன்ஸ் தெளிவாக உணர்ந்திருந்தார். ஆயின் அவ்வுணர்வு தனிமனித இரக்கத்துக்கான வேண்டுகோளாகவே முடிவுறுகின்றது. சேரியின் உடைமையாளர் யார், அவர் பெறும் வாடகை எங்கு செல்கின்றது என்பன நாவலில் நீதிமன்றத் தாமதம் பற்றிய அங்கதமாக உருமாறிவிடுகின்றன. சுகாதாரச் சீர்திருத்தக் கருத்துநிலையின் எல்லையும் இதுவே.

3

1858ஆம் ஆண்டுக் கோடையிலே தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றக் கட்டிடத்தினுட் புகுந்தது. பல்லாண்டுகளாக இழுபட்ட திட்டம் சில வாரங்களிற் சட்டமாயிற்று. மாநகரப் பணிச் சபைக்கு முப்பது இலட்சம் பவுண் கடன் பெறும் அதிகாரம் வழங்கப்பட்டது. அதன் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற் பணியைத் தொடங்கினார். நதிக்குச் செல்லும் பழைய சாக்கடைகளைக் குறுக்கே மறித்துக் கழிவை நகரின் கிழக்கே கொண்டுசெல்லும் 82 மைல் நீளமான இடைமறிப்புச் சாக்கடைகள் அமைக்கப்பட்டன. அவற்றுக்கென 31 கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் செலவாயின. 1865இல் குரொஸ்நெஸ் நீரேற்று நிலையமும் 1868இல் அபி மில்ஸ் நிலையமும் இயங்கத் தொடங்கின.

இப்பணியின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. எனினும் இரு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, பணி நிறைவுற்ற ஒழுங்கு. 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது, இடைமறிப்புச் சாக்கடை நிறைவுறாதிருந்த கிழக்கு இலண்டனிலேயே, அதாவது கப்பல்துறைத் தொழிலாளரும் நாட்கூலிகளும் வாழ்ந்த பகுதியிலேயே, அது பெரிதும் தாக்கியது. அங்கு 5,500 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீர்க் கம்பனி வடிகட்டாது விநியோகித்த நீரே உடனடிக் காரணமாயிற்று. இரண்டாவது, முறைமையின் அமைப்பு. கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயிற் செல்லும் இணைந்த முறைமை அது. வரட்சிக் காலத்தில் வீட்டுக் கழிவுநீர் குழாயின் அடியிற் சிறிதளவே ஓடும். அச்சிற்றோட்டமும் தேங்காது விரைந்தோடவே சாக்கடைகள் அடி குறுகிய முட்டை வடிவில் அமைக்கப்பட்டன. மழைக் காலத்தில் ஓட்டம் பன்மடங்காகும். கொள்ளளவைக் கடந்த நீர் வீடுகளுக்குள் மேலெழாதவாறு நதிக்குள் வழிந்தோட வாயில்கள் விடப்பட்டன. கடும்மழையின்போது மட்டும் திறக்கவேண்டியவை அவை.

சனத்தொகை ஏறத்தாழ நாற்பது இலட்சமாக உயரலாம் என்ற மதிப்பீட்டிலேயே இம்முறைமை திட்டமிடப்பட்டது. அக்காலத்துக்கு அது தூரநோக்குடைய மதிப்பீடே. ஆயினும் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ நாற்பது இலட்சம் வீடுகள் கட்டப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி தனியார் கட்டிட நிறுவனங்களால் விற்பனைக்கெனக் கட்டப்பட்டவை. 1939இல் இலண்டன் பெரும்பிரதேசத்தின் சனத்தொகை 86 இலட்சமாயிற்று. கூரைகளும் கற்பதித்த முற்றங்களும் தார் வீதிகளும் மண் உறிஞ்சிய மழைநீரையும் சாக்கடைக்குத் திருப்பின. ஆகவே புதிய வீடொன்று இணைந்த சாக்கடைக்கு இருவகைச் சுமையை அளிக்கின்றது: அதில் வாழ்வோரின் கழிவுநீர் ஒன்று, அது மூடிய நிலத்தின் மழைநீர் மற்றொன்று. கடும்மழையில் இரண்டாவதே பன்மடங்கு பெரியது.

4

இனி, இச்சுமையேற்றத்துக்கு அடித்தளமாக அமைந்த சட்ட உறவை நோக்குதல் வேண்டும். 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தன் வீட்டு வடிகாலைப் பொதுச் சாக்கடையுடன் இணைக்கும் உரிமையை நில உடைமையாளருக்கு வழங்கியது. இவ்வுரிமை 1936ஆம் ஆண்டின் சட்டத்தில் 34ஆம் பிரிவாகவும், 1991ஆம் ஆண்டின் நீர்த்தொழிற் சட்டத்தில் 106ஆம் பிரிவாகவும் தொடர்ந்தது. தோற்றத்தில் இது முற்போக்கானதோர் உரிமை. வறியோரின் வீடெனினும் அதனைச் சாக்கடையிலிருந்து விலக்கிவைக்க எந்த உள்ளூர்ச் சபைக்கும் அதிகாரமில்லை என்பதே அதன் பொருள்.

ஆனால் 1891இலேயே கேர்க்ஹீற்றன் உள்ளூர்ச் சபை தொடர்பான வழக்கில், ஏற்கெனவே தொல்லை விளைவிக்கும் சாக்கடையாயினும் அதில் இணையும் உரிமையைத் தடுக்க முடியாதெனத் தீர்ப்பாயிற்று. 1898இல் ஒஸ்வல்ட்ருவிசில் நகரசபைக்கெதிரான வழக்கில், போதிய சாக்கடை அமைக்கும் கடமையைச் சபை தவறவிடின் பாதிக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாட முடியாது, மத்திய சபையிடம் முறையிடுவதே வழி எனப் பிரபுக்கள் சபை கூறியது. இவ்விரு தீர்ப்புக்களையும் இணைத்து நோக்குமிடத்து முழு அமைப்பும் புலப்படுகின்றது. இணைக்கும் உரிமை தனியாருடையது. அது நிபந்தனையற்றது, உடனடியானது. விரிவாக்கும் கடமை பொதுச்சபையினுடையது. அது வரிப்பணத்தையும் அரசின் விருப்பையும் சார்ந்தது, தாமதிக்கக் கூடியது. இவ்விரண்டுக்குமிடையிலான கால இடைவெளியிலேயே மலநீர் முற்றங்களில் மேலெழுகின்றது.

1954இல் தீர்க்கப்பட்ட இல்ஃபோட் வழக்கு இதனைத் துலக்கமாகக் காட்டும். புதிய வீடுகளின் இணைப்பால் நிரம்பிய சாக்கடை, ஒரு வீட்டாரின் நிலத்திற் கழிவைப் பீறிட்டது. புதிய இணைப்புக்களை மறுக்க மாநகரசபைக்கு அதிகாரமில்லை; எனவே சுமைக்கு அது பொறுப்பாளியன்று என்றது நீதிமன்றம். இணைத்தவர்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியவர்கள், அவர்களும் பொறுப்பாளிகளல்லர். வீடுகளைக் கட்டி விற்றவர் விலையைப் பெற்றுச் சென்றுவிட்டார். தீங்கு உண்டு, தீங்கிழைத்தவர் எவருமில்லை என்னும் நிலை இவ்வாறு தோன்றியது.

இலண்டனின் வடமேற்கே ஸ்ரான்மோரில், 1930களில் இடப்பட்ட சாக்கடைகளிற் பின்வந்த வீடுகளும் இணைந்தமையால், 1992 முதல் ஒருவரது வீட்டு நிலம் மீண்டும் மீண்டும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது. இப்போது பொறுப்பாளி மாநகரசபையன்று, தேம்ஸ் நீர்க் கம்பனி. ஆயினும் 2003இல் பிரபுக்கள் சபை பழைய விடையையே வழங்கியது: ஒழுங்குபடுத்தும் அதிகாரியிடம் முறையிடுவதே வழி. 2009இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்றில், வேல்சின் லான்ஃபொயிஸ்ற் கிராமத்தில் 98 வீடுகளும் ஒரு பாடசாலையும் கட்டிய நிறுவனமொன்று தான் தெரிந்த இடத்திற் சாக்கடையுடன் இணைய முற்பட்டது. அவ்விடத்திற் கொள்ளளவு இல்லையென வேல்ஸ் நீர் நிறுவனம் மறுத்தது. மறுக்கும் அதிகாரம் அதற்கில்லை எனவும், கொள்ளளவுப் பிரச்சினை திட்டமிடல் அனுமதிக் கட்டத்திலேயே கவனிக்கப்படவேண்டியது எனவும் உயர்நீதிமன்றம் தீர்த்தது. 1891இன் தீர்ப்பு 118 ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தது.

சுகாதாரத்தின் பேரில் வீட்டாருக்கு வழங்கப்பட்ட உரிமை, நிலத்தைச் சரக்காக்கி விற்போரின் உரிமையாக மாறியமையே இங்கு நிகழ்ந்த பண்பு மாற்றமாகும். சட்டத்தின் வாசகம் பெரிதும் மாறவில்லை. அதனைப் பயன்படுத்தும் சமூக சக்தி மாறிவிட்டது. ஒரு வீட்டார் தம் வடிகாலை இணைப்பதும், வயல் நிலத்தை வாங்கி அனுமதி பெற்று நூறு வீடுகளாக விற்கும் நிறுவனம் இணைப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாயின. வயல் வீட்டு நிலமாகும்போது பெருகும் விலையின் ஒரு பகுதி, சமூகம் கட்டிய சாக்கடை அருகே இருப்பதனாலேயே உண்டாவது. அம்மிகை மதிப்பைச் சமூகத்துக்கு மீட்கும் முயற்சிகள் நடைபெறாமலில்லை. 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டம் அபிவிருத்தியால் உயரும் நில மதிப்பு முழுவதற்கும் அறவீடு விதித்தது. 1953இல் கன்சவேட்டிவ் அரசு அதனை ஒழித்தது. 1967இல் அமைந்த நில ஆணைக்குழு 1971இல் கலைக்கப்பட்டது. 1976இன் அபிவிருத்தி நில வரி 1985இல் நீக்கப்பட்டது. புதிய வீடொன்றுக்கு நீர்க் கம்பனிகள் இணைப்புக் கட்டணம் அறவிடுவது உண்மையே. ஆனால் அது நில மதிப்பின் உயர்வுடன் தொடர்புடையதன்று.

5

1973ஆம் ஆண்டின் சட்டத்தால் உள்ளூர்ச் சபைகளின் சாக்கடைப் பணி பத்துப் பிராந்திய நீர் அதிகாரசபைகளிடம் சென்றது. 1989இல் தாட்சர் அரசு, ஏறத்தாழ 500 கோடிப் பவுண் கடனைத் தள்ளுபடி செய்து, அவற்றைத் தனியார் கம்பனிகளாக விற்றது. இதன் விளைவு இருவகைப்பட்டது. வீடமைப்பை அனுமதிக்கும் அதிகாரம் உள்ளூர்ச் சபையிடம், சாக்கடை கம்பனியிடம் என இரண்டும் பிரிந்தன. அத்துடன், முதலீட்டைத் தீர்மானிக்கும் அளவுகோலாகப் பங்குதாரரின் வருவாய் அமைந்தது. கடும்மழைக்கென விடப்பட்ட வழிவாயில்கள் அன்றாடக் கழிவகற்றும் வழிகளாயின. 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம், இலண்டனின் வழிவுகள் தொடர்பில் பிரித்தானியா ஐரோப்பியக் கழிவுநீர் விதிகளை மீறியதெனத் தீர்த்தது. 2023இல் இங்கிலாந்தில் 4,64,000 தடவைகளுக்கு மேல் இவ்வாயில்கள் வழிந்தன. வழிந்த நேரம் மொத்தம் 36 இலட்சம் மணித்தியாலங்கள். இலண்டனுக்கென 25 கிலோமீற்றர் நீளமான சுரங்கச் சாக்கடையொன்று 2016 முதல் அமைக்கப்பட்டு, 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. அதன் செலவு நீர்ப் பாவனையாளரின் கட்டணங்களிலிருந்தே அறவிடப்படுகின்றது.

எனினும் தனியார்மயமாக்கமே சகல கேட்டுக்கும் மூலம் எனக் கூறின் வரலாற்றை எளிமைப்படுத்தியவர்களாவோம். இல்ஃபோட் சாக்கடை பொதுவுடைமையாயிருந்த காலத்திலேயே பீறிட்டது. பங்கிலாபம் வழங்காத அமைப்பாக 2001 முதல் இயங்கிவரும் வேல்ஸ் நீர் நிறுவனமே லான்ஃபொயிஸ்ற்றில் தோற்றது. குழாய் யாருடையது என்பது ஒரு வினா. நிலம் எப்போது, எதற்காக, யாருடைய செலவில் வீடாகின்றது என்பது மற்றொரு வினா. முதலாவதை மட்டும் தீர்ப்பதால் இரண்டாவது தீர்ந்துவிடாது. மறுபுறத்தில், பொது அதிகாரம் முன்கூட்டியே செயற்பட்ட உதாரணமும் உண்டு. மேற்கு மிடில்செக்சில் வீடுகள் பெருகிய 1930களில், இருபதுக்கு மேற்பட்ட சிறு சுத்திகரிப்பு நிலையங்களை அகற்றி, 1936இல் மொக்டன் பெருநிலையத்தை அம்மாவட்ட சபை திறந்தது. கழிவுநீரைப் பிராந்தியம் முழுவதற்குமான ஒரே பணியாகக் கருதியமையால் அது சாத்தியமாயிற்று.

முற்போக்காளர் எச்சரிக்கையாயிருக்கவேண்டிய இடமொன்றும் உண்டு. சாக்கடை தாங்காது என்ற வாதம், வீடுள்ளோர் வீடற்றோருக்கு எதிராகக் கையாளும் கருவியாகவும் அமையலாம். தம் அயலில் வாடகை வீடுகள் எழுவதை விரும்பாதோர் குழாயின் விட்டத்தைத் துணைக்கழைப்பர். 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், முதலாளித்துவம் சேரிகளை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது எனக் காட்டினார். சாக்கடையைக் காரணங்காட்டி வீடுகளைத் தடுத்தலும் அத்தகைய இடமாற்றமே. நெரிசல் வேறொரு தெருவுக்குச் செல்லும். மழைநீரை அது விழும் நிலத்திலேயே உறிஞ்சவிட்டு, சாக்கடையிலிருந்து பிரிக்கும் முறைகள் அறியப்பட்டவை. அவற்றைப் புதிய வீடமைப்புக்குக் கட்டாயமாக்கி, மழைநீரை இணைக்கும் தன்னியல்பான உரிமையை நீக்கும் ஏற்பாடு 2010ஆம் ஆண்டின் சட்டத்திலேயே உள்ளது. வேல்சில் அது 2019 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலோ 2024 முடியும்வரை வரவில்லை. வீடா, நதியா என்ற தெரிவு தொழில்நுட்பத்தால் திணிக்கப்பட்டதன்று என்பதற்கு ஏறத்தாழ ஆறாண்டுகளான இவ்விடைவெளியே சான்று.

6

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. கொழும்பு மாநகரின் கழிவுநீர்ச் சாக்கடை முறைமை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆட்சியினரால் அமைக்கப்பட்டது. அன்று தனி வீடுகளும் தோட்டங்களுமாயிருந்த வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளில் இன்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு வீடு நின்ற காணியில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. போரினால் இடம்பெயர்ந்து அங்கு வந்தடைந்த மக்களும் அவர்களுள் உளர். அவர்களை நோக்கி நீங்கள் ஏன் வந்தீர்கள் எனக் கேட்பது தவறான கேள்வி. காணியின் விலை பெருகியபோது அப்பெருக்கம் யாரிடம் சென்றது, அதில் எவ்வளவு நிலத்தின் கீழ் இறங்கியது என்பதே கேட்கவேண்டியது.

மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ், இலண்டன் தன் மக்களின் கழிவைக் கொண்டு பெருஞ்செலவில் தேம்ஸ் நதியை மாசுபடுத்துவதை முதலாளித்துவப் பொருளாதாரத்தின் விரயத்துக்கு உதாரணமாக எடுத்துக்காட்டினார். மண்ணிலிருந்து பெற்றது மண்ணுக்குத் திரும்பாமையே அவர் கண்ட குறை. அதனோடு இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: சமூகத்திடமிருந்து பெற்றதும் சமூகத்துக்குத் திரும்புவதில்லை. நிலமதிப்பின் உயர்வு வீடு கட்டப்படுமுன் பொதுச் சாக்கடைக்குத் திரும்புமாறும், நிலத்தையும் நீரையும் ஒரே பொது அதிகாரம் திட்டமிடுமாறும் செய்யப்படும்வரை, எவ்வளவு அகலமான குழாயும் அடுத்த தலைமுறைக்குப் போதாததாகவே இருக்கும்.